உதவிக்குப் போனால் வழக்கா? – ஒரு சட்டத்தின் கதை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு மலரிலும் யாராவது ஒருவர் அதை எழுதிவிடுகிறார்கள். ஆகவே, 2001 முதல் என் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

அந்த வருடம் ஜனவரி 26 அன்று காலை குஜராத்தில் பூகம்பம். கட்ச் பகுதியில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். தொலைவில் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல சரிந்தன. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவர் இல்லாமல் வெறும் தூண்களில் நிறுத்திய கட்டடங்கள்தான் அதிகம் அடிபட்டன. நம் கல்லூரியில் ஒன்றாகச் சிவில் படித்த நாங்கள் மூன்று பேர், யாரும் அழைக்காமலே ரயிலேறிப் போனோம்.

ஒரு குடியிருப்பின் வாசலில் இருபது குடும்பங்கள் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தன. நாங்கள் இன்ஜினியர்கள் என்று தெரிந்ததும் ஒரு பெரியவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பார்த்தோம். செங்கல் சுவர்களில்தான் விரிசல். தூண்களிலும் உத்தரங்களிலும் எங்கள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. "உள்ளே போகலாம்னுதான் தோணுது" என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். உடனே அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டி, "எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்றார். பேனாவை எடுத்தேன். கூட வந்த நண்பன் என் காதில், "டேய், சைன் மட்டும் போட்டுடாதே. நாளைக்கு மறுபடி ஆடி ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கோர்ட்டுக்கு இழுப்பான்" என்றான். பேனாவை மூடிவிட்டேன். அன்று இரவும் அந்தக் குடும்பங்கள் வாசலில்தான் படுத்தன.

நண்பன் சொன்னது சரியா, தப்பா? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இது.

உதவி செய்யப்போய்த் தவறு நேர்ந்தால் என்ன என்ற கேள்வி நம் நாட்டுச் சட்டத்துக்குப் புதிதல்ல. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆவது பிரிவிலேயே அது இருக்கிறது. அதில் ஓர் உதாரணம்: வீடு தீப்பற்றி எரிகிறது. மேலே ஒருவர் குழந்தையோடு மாட்டிக்கொண்டார். கீழே ஜனங்கள் கம்பளியை விரித்துப் பிடிக்கிறார்கள். குழந்தை பிழைக்கட்டும் என்று அவர் அதைக் கீழே போடுகிறார். குழந்தை இறந்துபோனாலும் அவர் குற்றவாளி இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே விதி 30ஆவது பிரிவாக வருகிறது. ஆனால் இது ஜெயிலுக்குப் போகாமல் காக்கும் விதி. நஷ்டஈடு கேட்டுப் போடும் சிவில் வழக்கு வேறு.

அந்த சிவில் வழக்குப் பயம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட்டால் கேஸ் வருமோ என்று டாக்டர்களே காரை நிறுத்தத் தயங்கினார்கள். 1959இல் கலிபோர்னியா மாநிலம் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. அவசர நேரத்தில் சம்பவ இடத்தில் நல்லெண்ணத்தோடு சிகிச்சை தரும் டாக்டர் மீது நஷ்டஈட்டு வழக்கு செல்லாது என்றது அது. பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதையை ஒட்டி இவற்றுக்கு 'நல்ல சமாரியன் சட்டங்கள்' என்றே பெயர் நிலைத்தது. பிறகு ஐம்பது மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் வந்துவிட்டது.

டாக்டருக்குச் சரி, இன்ஜினியருக்கு? பூகம்பத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான கட்டடங்களைச் சில நாட்களில் பார்த்து முடிக்க வேண்டும். அரசாங்க இன்ஜினியர்கள் எந்த ஊரிலும் அத்தனை பேர் இருக்க மாட்டார்கள். 1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியில் 63 பேரைப் பலிகொண்ட லோமா பிரியேட்டா பூகம்பம் வந்தபோது, ஏடிசி-20 என்ற பரிசோதனைக் கையேடு அப்போதுதான் வெளிவந்திருந்தது. பச்சை அட்டை ஒட்டினால் உள்ளே போகலாம், மஞ்சள் என்றால் கட்டுப்பாடு உண்டு, சிவப்பு என்றால் நுழையவே கூடாது. இன்றும் இந்த முறைதான் உலகின் பல இடங்களுக்கு முன்மாதிரி. ஆனால் அட்டை ஒட்டுவதும் ஒரு கையெழுத்துதானே!

அதற்குக் கலிபோர்னியா சட்டம் செய்திருக்கும் ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. இன்ஜினியர் கூலி வாங்கக்கூடாது. அரசு அதிகாரி கேட்டுக்கொண்டு போயிருக்க வேண்டும். பேரிடர் என்று முறைப்படி அறிவித்திருக்க வேண்டும். அறிவித்த 30 நாட்களுக்குள் பரிசோதனை நடந்திருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால், நல்லெண்ணத்தோடு செய்த பரிசோதனையில் நேர்ந்த தவறுக்கு அவர் பொறுப்பில்லை. படுமோசமான அலட்சியத்துக்கும், வேண்டுமென்றே செய்த தவறுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏன் 30 நாள்? முதல் மாதம் வரைபடம் பார்க்கவோ, கான்கிரீட்டைச் சோதிக்கவோ நேரமில்லை, கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் முடியும். அதன்பிறகு நிதானமாகச் செய்ய வேண்டிய வேலைக்குச் சலுகை எதற்கு?

1997இல் அமெரிக்க மத்திய அரசே தொண்டர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. அது தொண்டு நிறுவனங்களுக்காகச் சம்பளமின்றி உழைப்பவரைக் காக்கிறது, அனுப்பிவைத்த நிறுவனத்தைக் காப்பதில்லை. 2005இல் கத்ரீனா புயலடித்தபோது வேறொரு சிக்கல் வெளிப்பட்டது. வெளி மாநில டாக்டர்கள் உதவ வந்தார்கள், அவர்கள் லைசென்ஸ் இந்த மாநிலத்தில் செல்லுமா என்ற குழப்பம். அதன் விளைவாக 2006இல் எல்லா மாநிலங்களுக்குமான ஒரு மாதிரிச் சட்டம் எழுதப்பட்டது.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். சுனாமிக்கு அடுத்த வருடம், 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன் 73ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடு வேலை செய்த அதிகாரிகள் மீதும், அரசின் சார்பில் அல்லது பேரிடர் ஆணையங்களின் சார்பில் வேலை செய்தவர்கள் மீதும் வழக்குத் தொடர முடியாது என்கிறது. 'சார்பில்' என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். எங்களைப் போல யாரிடமும் சொல்லாமல் ரயிலேறுகிறவர்களை அது காக்குமா என்றால், நிச்சயமாகச் சொல்ல முடியாது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிமுறைகளும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் சாலை விபத்தில் உதவுகிறவரைத்தான் காக்கின்றன. இடிந்த கட்டடத்துக்குள் போகிற இன்ஜினியரைப் பற்றி அவற்றில் ஒரு வரி இல்லை.

"அப்படியென்றால் பாதிக்கப்பட்டவன் கதி?" என்று சட்டம் படித்த நம் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தவறான பச்சை அட்டையை நம்பி உள்ளே போய் உயிரைவிட்டவர் குடும்பம் யாரிடம் போகும்? அதனால்தான் இந்தச் சட்டங்கள் எதுவும் வரம்பில்லாமல் பாதுகாப்புத் தருவதில்லை. நேர்மையாகப் பார்த்துத் தவறியவருக்குக் குடை, பார்க்காமலே ஒட்டியவருக்கு இல்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு அண்ணனாக ஒரு வார்த்தை. வெள்ளமோ புயலோ பூகம்பமோ, கட்டாயம் போங்கள். ஆனால் போகும் முன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, யார் கேட்டு வந்தீர்கள் என்பதற்கு ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவரே ஆட்சியர்தான். காசு வாங்காதீர்கள். என்ன பார்த்தீர்கள், எதைப் பார்க்க முடியவில்லை, எந்த நாள், எத்தனை மணி என்று எழுதுங்கள். 'கண்ணால் பார்த்த அளவில்' என்ற வார்த்தையை விடாதீர்கள். மறுபடி நிலம் ஆடினால் மறுபடி பார்க்க வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள். இதெல்லாம் எனக்கு அன்று தெரிந்திருந்தால் அந்தப் பெரியவரின் நோட்டில் நான்கு வரியாவது எழுதியிருப்பேன்.

நண்பன் சொன்னது முழுத் தப்பு என்று இன்றும் சொல்லமாட்டேன். சட்டம் தெரியாதபோது பயம்தான் வழிகாட்டும். இந்தச் சந்திப்புக்கு அவனும் வருகிறான். நம் சங்கத்தின் சார்பில் ஒரு தொண்டர் பட்டியல் தயாரித்து ஆட்சியரிடம் கொடுத்துவைக்கலாம் என்று இருவரும் பேசியிருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய டிராயிங் ஹாலுக்கு வாருங்கள். பேனாவோடு வாருங்கள்.

வாழ்க நம் கல்லூரி!