ராஜாவுக்கு வைத்த செக்

பேங்கில் வேலை பார்ப்பவன் ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது 'செக்' என்று சொல்லாமல் வீடு திரும்ப முடியாது. செக் கிளியரிங்குக்குப் போச்சா, கையெழுத்தை செக் பண்ணியாச்சா... என்ட்ரி போடுபவர் மேக்கர், அதைப் பார்த்து பாஸ் பண்ணுபவர் செக்கர். துணிக்கடைக்குப் போனால் செக்டு ஷர்ட். வீட்டுக்கு வந்தால் பையன் செஸ் போர்டைப் பார்த்து "செக்!" என்கிறான். பணம், சோதனை, கட்டம், ஆட்டம். எல்லாம் ஒரே வார்த்தை என்றால் நம்புவீர்களா?

நம்ம ஊர் சதுரங்கம் சுமார் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போனது. நம் ராஜா அங்கே 'ஷா' ஆனார். ராஜாவுக்கு ஆபத்து வந்தால் எதிராளி "ஷா!" என்று குரல் கொடுத்து எச்சரிக்க வேண்டும். தப்ப வழியில்லை என்றால் "ஷா மாத்", ராஜா கதியற்று நிற்கிறார் என்று பொருள். அரபிகள் வழியாக ஐரோப்பாவுக்குப் போய், பிரெஞ்சுக்காரர் வாயில் 'எஷெக்' ஆகி, இங்கிலாந்தில் 'செக்' ஆனது. வட இந்தியாவில் குடியிருப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். பார்க் பெஞ்சில் செஸ் ஆடும் தாத்தாக்கள் இன்றும் "ஷஹ்" என்றுதான் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் கோச்சிங் கிளாஸில் சொல்லும் "செக்"கும் அதேதான், கொஞ்சம் ஊர் சுற்றி வந்தது.

ராஜாவை மடக்குவது முதலில் 'தடுப்பது' ஆனது. பிறகு 'கட்டுக்குள் வைப்பது'. கணக்கைக் கட்டுக்குள் வைக்க வேண்டுமானால் பார்த்துத்தானே ஆகவேண்டும்? அப்படி வந்ததுதான் 'சரிபார்ப்பது'.

எனக்கு ரொம்பப் பிடித்தது இடையில் வரும் கிளைக்கதை. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசாங்கக் கணக்குப் பார்க்கும் மேஜை ஒன்று இருந்தது. பத்து அடி நீளம், ஐந்து அடி அகலம், மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டல் போட்டுப் பாருங்கள், தலைவலி வரும்! அதனால் பென்ஸுக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று காய்களை நகர்த்தித்தான் கணக்கு. ஒரு பக்கம் பொக்கிஷ அதிகாரி, எதிரே வரி வசூலித்து வந்த ஷெரிஃப். பார்க்க செஸ் போர்டு மாதிரி இருந்ததால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. 1170களின் கடைசியில் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்ற பொக்கிஷ அதிகாரி இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அங்கே நடப்பதும் சதுரங்கம் போல இரண்டு பேருக்கு நடுவே ஒரு சண்டைதான் என்கிறார் அவர். (எங்கள் ஆடிட் நாட்களைப் பார்த்தவர்கள் தலையாட்டுவார்கள்.) பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றைக்கும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்'தான்.

இனி நம் காசோலைக்கு வருவோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'செக்' என்றால் பணத்தாள் அல்ல, அதன் அடிக்கட்டை. திருத்தல், போலி எல்லாம் பிடிபட வேண்டும் என்று கையில் வைத்துக்கொள்ளும் துண்டு. காலப்போக்கில் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'எக்ஸ்செக்கர்' ஞாபகத்தில் இங்கிலாந்துக்காரர்கள் எழுத்துக்கூட்டலில் ஒரு 'க்யூ'வைச் சேர்த்தார்கள். அமெரிக்கர்கள் சேர்க்கவில்லை. நமது 1881ஆம் வருட மாற்றுமுறை ஆவணச் சட்டம் 'க்யூ' பக்கம்.

ஆக, செக்கின் உயிரே அந்த அடிக்கட்டையில்தான் இருந்தது. ரிட்டையர் ஆன தமிழ்ப் பெரியவர் ஒருவர், பெயர் வேண்டாம், ஒருமுறை என்னிடம் செக் புக்கோடு வந்தார். தான் எழுதியதைவிட அதிகத் தொகை போயிருப்பதாகச் சந்தேகம். எவ்வளவு எழுதினீர்கள் என்றேன். அடிக்கட்டையைப் புரட்டினார், முதல் இலையிலிருந்து கடைசிவரை வெறும் வெள்ளை. நாலு மாதம் முன்பு எழுதியது, அவருக்கே நிச்சயமில்லை. புகார் எழுதும் இடத்தில் 'தோராயமாக' என்று போட்டார். அந்தப் பணம் திரும்ப வரவில்லை.

2021 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'பாசிட்டிவ் பே' கொண்டுவந்தது. பெரிய தொகைக்குச் செக் கொடுத்தால் தேதி, பெயர், தொகையை முன்கூட்டியே பேங்குக்குத் தெரிவிக்கிறோம், கிளியரிங்கில் அதோடு ஒப்பிடுகிறார்கள். வேறொன்றுமில்லை, பழைய அடிக்கட்டைதான், இப்போது பேங்க் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஊரில் அப்பா அம்மா இன்னும் செக் எழுதுபவர்களாக இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்தப் புத்தகத்தை ஒருதரம் புரட்டிப் பாருங்கள்.

'பேங்க்' என்ற வார்த்தை ஒரு இத்தாலிய பெஞ்சிலிருந்து வந்த கதை இன்னொரு நாள்.