மன்னார்ப் பெருக்கமரமும் மரம் நாட்டல் பற்றிய நம்பிக்கைகளும்

வீட்டு வளவில் எம்மரத்தை நாட்டலாம், எதனை நாட்டலாகாது என்பது குறித்துத் தமிழரிடையே நம்பிக்கைகள் பல வழங்கிவருகின்றன. புளியமரத்திற் பேய் உறையும், முருங்கை வீட்டு வாசலுக்கு ஆகாது, பனையை நட்டவன் அதன் பயனைக் காணான் என்பன அவற்றுட் சில. இவற்றை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், முருங்கைக் கொம்பு சிறு காற்றுக்கும் முறிவது; பனை காய்ப்பதற்குப் பல்லாண்டுகள் செல்லும். அனுபவ அறிவே ஈண்டு நம்பிக்கையாக உருப்பெற்றது எனலாம்.

மரத்தை நட்டவர் யார் என்பது பற்றிய நம்பிக்கையும் இவ்வாறே ஆராயத்தக்கது. மன்னார்த் தீவின் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம் ஏறத்தாழ 19.5 மீற்றர் சுற்றளவுடையது. அராபிய வணிகர் தம் ஒட்டகங்களுக்குத் தீனியாக இம்மரத்தைக் கொணர்ந்தனர் என்பது மரபு; நாட்டப்பெற்ற ஆண்டு 1477 எனவும் கூறப்படுகின்றது.

இக்கூற்றில் உண்மை ஒன்றுண்டு. பெருக்கமரத்தின் தாயகம் ஆபிரிக்கா. அது கடல் வழியாக வந்ததே. அராபியர் இக்கரையில் வணிகஞ் செய்தமையும் வரலாறு. ஆனால், கோடையில் இலையுதிர்க்கும் மரம் ஒன்றைத் தீனிக்கென நட்டனர் என்பது ஐயத்துக்குரியது. ஆபிரிக்க மக்களோ அதன் இலையைக் கறியாகவும், புளிப்புச் சுவையுள்ள பழத்தை உணவாகவும், பட்டையை நாராகவும் பயன்படுத்துவர். ஆனைப்புளி என்னும் தமிழ்ப் பெயரும் அப்பழத்தின் புளிப்பையே நினைவூட்டுகின்றது.

இந்தியத் துணைக்கண்டத்துப் பெருக்கமரங்கள் ஆபிரிக்காவிலிருந்து ஒருமுறையன்றிப் பலமுறை கொணரப்பட்டவை என்பதை 2015 இல் வெளியான மரபணு ஆய்வொன்று காட்டியது. அராபியர் மட்டுமன்றிப் போர்த்துக்கேயரும் இக்கடல்களில் ஆபிரிக்கரை அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொணர்ந்தனர். இலங்கைக்கு வந்த அவர்தம் வழியினரே காப்பிரியர் எனப்பட்டனர். மரத்தின் பயனை நன்கறிந்த அம்மக்களுக்கு அதன் பரவலிற் பங்கிருந்திருக்கலாம் எனக் கருதுதல் தவறாகாது. எனினும், மன்னார் மரபு வணிகரை நினைவிற்கொண்டது. அவரது ஒட்டகத்தையும் நினைவிற்கொண்டது. ஆபிரிக்க மனிதரை மறந்தது.

ஆதலின், மரம் பற்றிய நம்பிக்கைகள் வரலாற்றுச் சான்றுகளே. ஆயினும் முழுமையான சான்றுகள் அல்ல. அவை சொல்வதை ஏற்குமுன், அவை சொல்லாது விட்டவர் யாவர் என வினவுதலும் வரலாற்று மாணவரின் கடனாகும்.