மின்னணுச் சான்றில் ஹாஷ் மதிப்பு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

இராமேசுவரம் கடற்கரையில் கைப்பற்றப்படும் கைப்பேசியின் பதிவு, 2024 ஜூலை 1க்குப் பின் தொடங்கும் வழக்கில், ஹாஷ் மதிப்புடனேயே இராமநாதபுரம் நீதிமன்றத்தை அடைய வேண்டும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு அதனைக் கேட்டதில்லை. பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆம் பிரிவுக்குரிய சான்றிதழ்ப் படிவம் கேட்கிறது. எஸ்எச்ஏ-1, எஸ்எச்ஏ-256, எம்டி5 என மூன்று முறைகளையும் பெயர்சுட்டுகிறது.

கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்துப் பெறும் குறுகிய எண்ணே ஹாஷ். ஓரெழுத்து மாறினும் எண் மாறும்; கோப்பின் பெயரை மாற்றினால் மாறாது. இப்பண்பைக் கொண்டே அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் அறியப்பட்ட மென்பொருள் கோப்புகளின் பட்டியலைத் தொகுத்து வருகிறது. (அறியப்பட்டவை என்பதற்குத் தீங்கற்றவை என்று பொருளன்று.) தடயவியலார் கணினியிலுள்ள கோப்புகளை அதனோடு ஒப்பிட்டு, பொதுவானவற்றை விலக்கி, எஞ்சியவற்றை ஆராய்கின்றனர்.

ரிவெஸ்ட் 1991இல் வகுத்த எம்டி5இல், ஒரே மதிப்புடைய இருவேறு தரவுகளை வாங் சியாவ்யுன் குழுவினர் 2004இல் காட்டினர். எஸ்எச்ஏ-1இன் முறை 2017இல் வந்தது. முன்பே உள்ள கோப்புக்கு அவ்வாறு இணை செய்தல் இன்றும் கைகூடாமையால், பட்டியல் ஒப்பீட்டுக்கு இக்குறை பெரிதன்று. இரு கோப்புகளையும் தாமே ஆக்குபவரிடத்தில்தான் இடர். பதிவை ஆக்கியவரே அதனைச் சான்றாக முன்வைக்கும் வழக்கில் எம்டி5 மட்டும் போதாது. 2023இல் இயற்றிய சட்டம் மூன்றையும் ஒரே தட்டில் வைத்திருப்பது வியப்பே.