கப்பலில் வந்த உப்புமா

அறுபதுகளில் கள்ளக்குறிச்சி வட்டாரத்துப் பள்ளிகளில் படித்த பெரியவர்களிடம் மதிய உணவு பற்றிக் கேட்டால், மக்காச்சோள உப்புமாவைத்தான் முதலில் சொல்வர். சிலருக்கு அதன் வாசம் இன்றும் ஆகாது. வேறு சிலரோ, அன்றைய நாளின் ஒரே முழு உணவு அதுவே என்பர். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த அந்த மாவைக் கொடையின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் கதை சற்று மாறுகிறது.

காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் உழைப்போடு மதிய உணவுத் திட்டம் உருப்பெற்றது 1956இல். அரசின் பணமும் ஊரார் தந்த தானியமுமாக அடுப்பெரிந்தது. 'கேர்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம் மாவும் பால் பவுடரும் எண்ணெயும் வழங்க வந்தது 1961இல்தான். எரிந்துகொண்டிருந்த அடுப்புக்குத்தான் மாவு வந்தது.

அந்த மாவுக்குப் பின்னால் இருந்தது 1954ஆம் ஆண்டின் பி.எல். 480 என்னும் அமெரிக்கச் சட்டம். தங்கள் கிடங்குகளில் தேங்கிய உபரித் தானியத்துக்கு வழிதேடிய சட்டம் அது. ஒரு பகுதி நன்கொடை. இந்தியாவுக்கு வந்த கோதுமையில் பெரும்பகுதி ரூபாய்க்கு விற்கப்பட்டது. 1965, 1966 ஆண்டுகளில் மழை பொய்த்தபோது அதிபர் ஜான்சன் கப்பல்களைக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவித்தார். நம் வேளாண் கொள்கை மாறவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் போரை நாம் கண்டித்தது அவருக்குக் கசந்தது என்பது மற்றொன்று. அன்று உணவு அமைச்சராக இருந்த சி.சுப்பிரமணியம் 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமையைத் தருவித்ததை இந்த அவமானத்தோடு சேர்த்தே படிக்கவேண்டும். (பாடநூல்கள் பசுமைப் புரட்சியை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகின்றன.)

1982 சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரித்தார். அமெரிக்க மாவு நின்றபின்னும் அடுப்பு அணையவில்லை. 2025இல் அமெரிக்க அரசு தன் யு.எஸ்.எய்ட் அமைப்பை மூடியபோது அதை நம்பியிருந்த பல நாடுகள் தவித்ததை இதனோடு ஒப்பிடலாம்.

கடனாக வந்த உதவியும் உண்டு. ரோமில் இயங்கும் ஐ.நா. வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் திட்டம், கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் பரவியது. சுய உதவிக் குழுக்கள் இங்கு வேர்விட்டது அவ்வழியில்தான்.

இத்தனையிலும் கல்வராயன் மலை எங்கே இருந்தது? சென்னைத் துறைமுகத்தில் கோதுமை இறங்கிய ஆண்டுகளில், மலைமேல் சாமையும் தினையும் விளைவித்த மலையாளிப் பழங்குடியினர் ஜாகீர்தார்களுக்கு வரி செலுத்தி வந்தனர். அரசு அம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது 1976இல். நாடு விடுதலையடைந்து 29 ஆண்டுகளுக்குப் பின் என்பதை எங்கள் மாணவர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவர்களுள் சிலர் அம்மலையிலிருந்தே வருபவர்கள்.