மண்டபம் முகாம்: கடலுக்கு முன் ஒரு தங்கல்

மண்ணச்சநல்லூருக்குத் தெற்கே, காவிரிக் கரையிலுள்ள திருச்சியில் 1904-இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையம் தன் தலைமையிடத்தை அமைத்தது. இலங்கைத் தோட்டத் துரைமார்களுக்கு ஆள் சேர்ப்பதே அதன் வேலை. திருச்சி, முசிறி, துறையூர் வட்டாரக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆட்களைத் திரட்டினர்.

அன்று இலங்கைக்குப் போகக் கடவுச்சீட்டோ விசாவோ தேவைப்படவில்லை. ஆனால், தடையின்றிப் போனார்கள் என்று சொல்வது தவறு. தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கூலியாள் கழுத்தில் கட்டிக்கொண்டார். இடையில் எங்கு நின்றாலும் அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர், வழிச்செலவு யார் கணக்கு என்பதை அந்த வில்லையே காட்டிவிடும். ஊரும் பேரும் கேட்க வேண்டியதில்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் தனுஷ்கோடி வரை ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். வழியில் மண்டபம் முகாமில் கூலிகள் இறக்கப்பட்டனர். காலரா, பிளேக் பயத்தால் சில நாள் தனித்து வைக்கப்பட்டு, அம்மை குத்தி, துணிகளுக்குக் கிருமிநீக்கம் செய்த பிறகே கப்பலேற விட்டார்கள். சொந்தச் செலவில் போன வசதியுள்ள பயணிகளுக்கு இத்தனை கெடுபிடி இல்லை.

1939-இல் இந்திய அரசு கூலிகள் போவதைத் தடுத்தது. 1949-இல் இலங்கையின் குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயமாயின. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பியவர்கள் தங்கவைக்கப்பட்டதும் இதே மண்டபம் முகாமில்தான். 1983-க்குப் பின் அது இலங்கை அகதிகள் முகாமாயிற்று.