சிறாருக்கான குழிப்பந்தாட்டப் பயிற்சி: ஒரு வரலாறு

குழிப்பந்தாட்டம் எனத் தமிழில் வழங்கும் கோல்ஃப், இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆனால் அதைச் சிறுவர் சிறுமியருக்கு முறையாகக் கற்பிக்கும் வழக்கம் மிகவும் பிற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்த ஆட்டத்தை யார் கற்க முடிந்தது, யார் வேடிக்கை மட்டும் பார்க்க முடிந்தது என்பதே இதன் வரலாற்றில் முக்கியமான கேள்வி.

தொடக்கம்

1829-இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட மன்றமே பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அமைந்த மிகப் பழைய கோல்ஃப் மன்றம். பெங்களூரில் 1876-இல் ஒரு மன்றம் தோன்றியது. சென்னையில் 1884-இல் நிறுவப்பட்ட ஜிம்கானா கிளப், கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் ஆடுகளம் அமைத்தது. இவையெல்லாம் ஆங்கிலேய அதிகாரிகளும் வணிகர்களும் பொழுதுபோக்குவதற்காக ஏற்பட்டவை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இல்லை.

மதுரையும் கொடைக்கானலும்

மதுரைக்கு இந்த ஆட்டத்தோடு உள்ள தொடர்பு கொடைக்கானல் வழியாக அமைந்தது. மதுரைச் சமவெளியின் வெயிலுக்கும் நோய்களுக்கும் தப்ப, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் அந்த மலையில் முதல் வீடுகளைக் கட்டினர். தல்லாகுளம் பகுதியில் உள்ள அமெரிக்கன் கல்லூரியும் இதே மிஷன் வளர்த்த நிறுவனமே. மலையில் குடியிருப்பு பெருகிய பின் 1895-இல் கொடைக்கானல் கோல்ஃப் கிளப் தோன்றியது. தல்லாகுளத்திலிருந்து அங்கே போகச் சாலை வழியாகச் சுமார் 120 கி.மீ. ஆகும். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஆடுகளம் என்பது கோடை விடுமுறையில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கும் புல்வெளியாகவே நெடுங்காலம் இருந்தது.

பை தூக்கிக் கற்றவர்கள்

வேலிக்கு உள்ளே போக ஏழைச் சிறுவர்களுக்கு இருந்த ஒரே வழி, ஆடுபவரின் மட்டைப் பையைத் தூக்கும் 'கேடி' வேலை. நம் ஊர்ப் பேச்சில் கேடி என்றால் போக்கிரி என்று பொருள். இது வேறு சொல். பை சுமந்து, பந்தைத் தேடிக் கொடுத்து, எந்த மட்டையை எடுக்கலாம் என்று யோசனையும் சொல்லும் துணையாளரைக் குறிப்பது.

உலகெங்கும் இதே கதைதான். 1913-இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்ற பிரான்சிஸ் விமெட் முன்பு கேடியாக இருந்தவர். அந்தப் போட்டியில் அவருக்குப் பை தூக்கிய எடி லவ்ரி, பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த பத்து வயதுச் சிறுவன். இந்தியாவில் டெல்லி மன்றத்தில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்று, 1993-இல் மீண்டும் வென்றார். கல்கத்தா மன்றத்தில் புல்தரை பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌரசியா, 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் அதே பட்டத்தைப் பெற்றார். இவர்கள் பிறர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றவர்கள். இவர்களது வெற்றி பெருமைக்குரியது. ஆனால் பை சுமந்த சிறுவர்களில் பெரும்பாலோருக்குப் படிப்பும் போயிற்று, ஆட்டமும் கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முறையான பயிற்சி

இங்கிலாந்தில் 1952-இல் கோல்ஃப் பவுண்டேஷன் என்னும் அமைப்பு, பள்ளிப் பிள்ளைகளிடம் ஆட்டத்தைக் கொண்டுசெல்லத் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இதே நோக்கத்தோடு 1997-இல் 'ஃபர்ஸ்ட் டீ' தோன்றியது. இந்தியாவில் 1955-இல் உருவான இந்தியக் கோல்ஃப் சங்கம் சிறார் போட்டிகளை நடத்துகிறது. பயிற்றுநர்களை உருவாக்கத் தேசியக் கோல்ஃப் அகாடமியையும் ஏற்படுத்தியது.

பெங்களூரின் அதிதி அசோக் ஐந்து வயதில் பயிற்சித் திடலில் மட்டையைப் பிடித்தார். 112 ஆண்டுகளுக்குப் பின் 2016-இல் ஒலிம்பிக்கில் கோல்ஃப் மீண்டும் இடம்பெற்றபோது, 18 வயதில் அதில் ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றார். இளவயதில் தொடங்கும் பயிற்சியின் பயனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பள்ளித் திடலில் கற்பிக்கும் முறை

18 குழிகள் கொண்ட களத்துக்குப் பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். நகரப் பள்ளியில் அது நடவாது. ஆனால் தொடக்கப் பாடத்துக்கு அவ்வளவு இடம் தேவையில்லை. எளிதிலிருந்து அரிதுக்குச் செல்வது என்ற ஆசிரியப் பயிற்சிப் பாடம் இங்கும் பொருந்தும். முதலில் பந்தைத் தரையில் மெல்ல உருட்டிக் குழியில் சேர்ப்பது, அடுத்துச் சிறிது தூக்கி அடிப்பது, கடைசியில் முழு வீச்சு என்று வரிசையாகக் கற்பிப்பர். உண்மையான குழியின் விட்டம் 108 மி.மீ.; பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக் கோட்டில் பெரிய வட்டம் போட்டாலே போதும். 45.93 கிராம் வரை எடையுள்ள கெட்டிப் பந்துக்குப் பதில் மென்பந்தும், உயரத்துக்கேற்ற பிளாஸ்டிக் மட்டையும் கொடுப்பர்.

எல்லாவற்றுக்கும் முந்தியது பாதுகாப்பு. அனைவரும் ஒரே கோட்டில், மட்டை வீச்சு எட்டாத இடைவெளியில் நிற்க வேண்டும். கடைசிப் பிள்ளை அடித்து முடித்து, ஆசிரியர் சைகை காட்டும் வரை ஒருவரும் பந்தை எடுக்க முன்னே போகக் கூடாது.

ஆட்டம் கற்பிக்கும் நேர்மை

சாதாரண ஆட்டங்களில் ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் நடுவர் நிற்பதில்லை. ஆடுபவரே தம் தவறைச் சொல்ல வேண்டும். 1925 அமெரிக்க ஓப்பனில், தம் பந்து சற்று அசைந்துவிட்டது என்று பாபி ஜோன்ஸ் தமக்குத் தாமே ஓர் அடி தண்டனை விதித்துக்கொண்டார். அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலையாகி, மறு ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார். பள்ளிகளில் இந்த ஆட்டத்தைக் கற்பிக்க வேறு காரணம் இல்லாவிட்டாலும் இது ஒன்றே போதும்.

இன்றைய நிலை

பள்ளித் திடலில் பெறும் தொடக்கப் பயிற்சிக்குச் செலவு குறைவு. அதற்கு அடுத்த படியில்தான் தடை வருகிறது. கட்டணம், உறுப்பினர் விதிகள், தூரம் ஆகிய மூன்றும் நடுத்தர, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளை நிறுத்திவிடுகின்றன. மன்றங்கள் வாரத்தில் சில மணி நேரமாவது அருகிலுள்ள பள்ளிகளுக்குத் தம் களத்தைத் திறந்துவிட்டால், பை தூக்காமலேயே பிள்ளைகள் வேலிக்கு உள்ளே போகலாம்.