தனிக் குவளை எதற்கு?

தோட்ட லயத்தில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் முதலில் என்ன நடக்கும்? அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை வந்துவிடும். பள்ளியில் இருமிய பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் நாங்களும்தான். ஆனால் இந்த நோய் தட்டில் ஒட்டிக்கொண்டு வருவதில்லை.

நம் மூச்சுக்குழாய் மார்புக்குள் இரண்டாகப் பிரிந்து, பிறகு பால்மரக் கிளைகளைப் போல மேலும் மேலும் பிரிகிறது. வலப்பக்க நுரையீரலுக்கு மூன்று மடல்கள்; இதயத்துக்கு இடம் விட்டதால் இடப்பக்கம் இரண்டே. கிளை நுனிகளில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றுப் பைகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகப் பிராணவாயு இரத்தத்தில் சேர்கிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. 1882-இல் ராபர்ட் கோக் கண்டுபிடித்த காசக்கிருமி பிராணவாயுவை விரும்புவது. பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தங்கி, அதை அரித்துப் பொந்தாக்குகிறது. நோயாளி இருமினால் கிருமி காற்றில் மிதக்கும். அடுத்தவர் மூச்சோடு அது உள்ளே போகிறது.

மருந்து இல்லாத காலத்தில் ஓய்வும் நல்ல காற்றும்தான் வைத்தியம். மருந்து வந்த பிறகும், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்தாக வேண்டும் என்றே நம்பினார்கள். கோலாலம்பூர் செராஸில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை 1950-களில் காசநோயாளிகளுக்காக எழுந்தது. ஆனால் விடியுமுன் பால்வெட்டுக்குப் போகும் தாய், பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போய்ப் படுப்பாள்? இருமலை மறைக்கத்தான் தோன்றும்.

இதற்கு விடை, நம் பாட்டன்மார் பலர் கப்பலேறிய சென்னையிலிருந்து வந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் முதலியோர் 193 ஏழை நோயாளிகளைச் சீட்டுப் போட்டதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையும் நல்ல உணவும். மற்றவர்கள் நெருக்கடியான சொந்த வீட்டிலேயே இருந்தார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றுதான், ஓராண்டு. 1959-இல் முடிவு வெளியானது: இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரேபோல் தேறினார்கள். அதைவிட முக்கியம், வீட்டில் மருந்து உண்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. மருந்து தொடங்கியதும் கிருமி பரவுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது; தொற்றியது பெரும்பாலும் அதற்கு முன்பே, இருமலை மறைத்திருந்த நாட்களில்.

மலாயாவில் 1961-இல் தேசியக் காசநோய்த் தடுப்புத் திட்டம் தொடங்கியது. பிறந்த குழந்தைகளுக்கு பி.சி.ஜி. ஊசியும் வந்தது. கோலாலம்பூர் பகாங் சாலையில் இருந்த தேசியக் காசநோய் நிலையம் இன்று சுவாச மருத்துவக் கழகமாக இருக்கிறது.

இப்போது சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். இரண்டாம் மாதமே உடம்பு தேறியது போலிருக்கும். பலர் நிறுத்துவது அப்போதுதான். மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் கிளினிக்கில் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள். குவளையை மற்றக் குவளைகளோடு சேர்த்தே கழுவலாம்.